ஒரே காருக்கு இரண்டு முதுகு

நான் வேலை செய்யும் மறுவாழ்வு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் ஒரு பெரிய ஜன்னல் இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் கீழே ஊழியர்களின் கார்கள் வரிசையாக நிற்பது தெரியும். ஜெர்மனிக்கு வந்த புதிதில் காபி இடைவேளை கிடைத்தால் அங்கே போய் நின்றுகொள்வேன். என்னவோ ஒன்று சரியில்லை என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும். பனி பழகிவிட்டது, இலையில்லாத மரங்கள் பழகிவிட்டன, ஹாரன் சத்தமே கேட்காத தெருக்கள்கூடப் பழகிவிட்டன. ஆனால் அந்தக் கார் வரிசையைப் பார்த்தால் மட்டும் யாரோ பாதி வேலையில் எழுந்து போய்விட்டது மாதிரி ஒரு குறை. ஒருநாள் காபி கோப்பையோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் பளிச்சென்று புரிந்தது. அங்கே நின்ற சின்னக் கார்களில் ஒன்றுக்குக்கூட டிக்கி இல்லை. எல்லாமே முதுகில் செங்குத்தாக வெட்டிவிட்ட வண்டிகள்.

கோலார் தங்கவயல் என்கிற கே.ஜி.எஃப்.பில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இது சாதாரண விஷயமில்லை. நம் ஊரில் கார் வாங்குகிறவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, "டிக்கி வச்சதா, மொட்ட வண்டியா?" என்பதுதானே. மொட்டை வண்டி வாங்கியவர் கொஞ்சம் தலையைச் சொறிந்துகொண்டு, "இப்பத்திக்கி இது போதும்னு..." என்று இழுப்பார். டிக்கி வைத்தது வாங்கியவர் பதிலே சொல்லமாட்டார், ஸ்வீட் பாக்ஸை நீட்டுவார். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த நான், மருத்துவமனையின் தலைமை டாக்டரே ஒரு மொட்டை வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்து, பாவம், இவருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று மெய்யாகவே நினைத்திருக்கிறேன்.

எனக்கும் ஒரு கார் தேவைப்பட்டது. காலை ஷிஃப்டுக்கு எங்கள் சிறிய ஊரில் பஸ் கிடையாது. பழைய கார்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். டிக்கிக்கு ஜெர்மன் மொழியில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "செடான்" என்றேன். விற்பனையாளருக்குப் புரியவில்லை. கையைப் படிக்கட்டு மாதிரி மடக்கி, முன்னால் ஒரு படி, நடுவில் உயரம், பின்னால் ஒரு படி என்று காட்டினேன். அவர் முகம் மலர்ந்து, "ஆ, லிமுசீன்!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சினிமா நட்சத்திரங்கள் இறங்கும் ரயில்பெட்டி நீளக் கார்தான் கண்ணுக்குள் வந்தது. "வேண்டாம், வேண்டாம், நான் நர்ஸ்" என்றேன். நர்ஸுக்கும் லிமுசீனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் விழித்தார். இந்த நாட்டில் டிக்கி வைத்த எந்தக் காருக்கும் லிமுசீன் என்றுதான் பெயர் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கடைசியில் அவர் ஒரு சின்ன வண்டியின் பின்கதவை மேலே தூக்கிக் காட்டி, "கோஃபர்ரௌம்" என்றார். பெட்டி வைக்கும் அறை என்று அர்த்தம். பின்சீட்டின் ஒரு பக்கத்தை மட்டும் மடக்கினார். அடுத்து மறு பக்கத்தையும் மடக்கினார். காருக்குள் ஒரு சின்ன அறையே உருவாகிவிட்டது. சைக்கிள் வைக்கலாம், அலமாரி வைக்கலாம், நாய் வைக்கலாம் என்று அடுக்கினார். "சின்ன காரில் லிமுசீன் கேட்பது ரென்ட்னர்கள்தான்" என்று சிரித்தார். ரென்ட்னர் என்றால் பென்ஷன்காரர். அதாவது, நம் ஊரில் முன்னுக்கு வந்துவிட்டவனின் அடையாளம் இங்கே ஓய்ந்துபோனவனின் அடையாளம். அந்த மொட்டை வண்டியையே வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

இந்தக் கதையை என்னோடு வேலை செய்யும் எமினேயிடம் சொன்னேன். துருக்கிக்காரி, இருபது வயதில் வந்தவள். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கள் ஊரிலும் இதேதான்! பின்னால் பெட்டி இல்லாத காரில் மாமனார் வீட்டுக்குப் போனால் உள்ளே விடமாட்டார்கள்" என்றாள். இங்கே ஒரு முதுகோடு விற்கும் அதே வண்டியை அவர்கள் நாட்டில் இன்னொரு முதுகோடு விற்கிறார்களாம். அந்தக் குளிர்கால மத்தியானத்தில், ஜெர்மன் மொழியில் தடுமாறிக்கொண்டு, ஒரு துருக்கிக்காரியும் ஒரு கே.ஜி.எஃப்.காரியும் டிக்கியைப் பற்றிப் பேசி ஒருவரையொருவர் கண்டுபிடித்தோம்.

டிக்கி மேல் எங்கள் வீட்டில் அதிகம் ஆசை வைத்தவர் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சாம்பியன் ரீஃபில் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடான லைன் வீட்டில் எங்களை வளர்த்தவர், சுரங்கத்துக்குள் மரத்தூண் நிறுத்தும் வேலை. சுரங்கத்தை மூடியபின் மற்ற எல்லாரையும் போல விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய் ஒரு கம்பெனி வாசலில் காவல் காத்தார். அந்த வாசலில் வந்து போன கார்களுக்கெல்லாம் சல்யூட் அடித்தே வயதாகிவிட்டது. காரைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து உண்டு. "முன்னாடி இன்ஜினு, நடுவுல மனுசன், பின்னாடி சாமான். அதாம்மா காரு. மொட்ட வண்டில மனுசனும் மூட்டையும் ஒண்ணா குந்தணும். அது ஆட்டோ மாதிரி" என்பார். அம்மா இருந்தவரை, "மொதல்ல சைக்கிளுக்கு டயர் மாத்துங்க" என்று அவரைச் சீண்டுவாள்.

என் தங்கை கலா பங்காருபேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் ஜெர்மனிக்கு வந்த அடுத்த வருடம், அவள் தன் தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகும்போது வளைவில் ஒரு லாரி இடித்துத் தள்ளியது. தோழி தப்பினாள். கலாவுக்கு முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நான் ஓடி வந்து அவள் கட்டில் அருகே கிடைத்த லீவு முழுவதும் உட்கார்ந்திருந்தேன். என் வேலையே இப்படி அடிபட்டவர்களைப் பார்ப்பதுதான். அதனால் டாக்டர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கலா மட்டும், "கணக்கு சொல்லிக் குடுக்க காலு எதுக்கு?" என்று கேட்டாள். ஒரு வருடத்தில் வீல்சேரில் பள்ளிக்குத் திரும்பிவிட்டாள்.

போவது ஆட்டோவில். காலையில் லைனில் யாராவது இரண்டு பேர் வந்து அவளைத் தூக்கி ஆட்டோவில் வைப்பார்கள். பள்ளி வாசலில் வாட்ச்மேனும் டிரைவரும் சேர்ந்து இறக்குவார்கள். சாயங்காலம் மறுபடியும் அதே. நல்ல மனிதர்கள்தான், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. ஆனால் கலா ஒருநாள் போனில் சொன்னாள்: "தெனைக்கும் நாலு தபா என்ன மூட்ட மாதிரி தூக்குறாங்க அக்கா. புடவ வெலகிச்சின்னா இழுத்து உட்டுக்கக்கூட கை ஃப்ரீயா இருக்காது." அன்றைக்கே கார் வாங்குவது என்று முடிவெடுத்தோம். என்ன கார் என்பதில் நைனாவுக்குச் சந்தேகமே இல்லை.

அப்படித்தான் எங்கள் வீட்டு வாசலுக்கு டிக்கி வைத்த கார் வந்தது. நம் நாட்டில் நான்கு மீட்டருக்குள் இருக்கும் சின்னக் காருக்கு வரி குறைவு. அதனால் சின்ன மொட்டை வண்டியையே எடுத்து, நான்கு மீட்டரைத் தாண்டாமல் பின்னால் ஒரு டிக்கியை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வால் கொஞ்சம் குட்டையாக இருக்கும், இருந்தாலும் வால்தான். நைனா மாலை போட்டு, டிக்கியின் மேல் ஒரு கையை ஊன்றி நின்று எடுத்த போட்டோ என் போனில் இன்னும் இருக்கிறது. பக்கத்து லைனில் ஒருவரை டிரைவராக அமர்த்திக்கொண்டோம். கலா முன்சீட்டில், வீல்சேர் டிக்கியில். "முன்னாடி மனுசன், பின்னாடி சாமான்" என்றார் நைனா, திருப்தியோடு.

சில மாதம் நன்றாகவே போனது. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிய சமயத்தில் ஒருநாள் மத்தியானம், வேலை நேரத்தில், கலாவிடமிருந்து போன் வந்தது. சாதாரணமாக அவள் அப்போது கூப்பிடமாட்டாள். நான் நடைபாதைக்கு ஓடிவந்து எடுத்தேன்.

"அக்கா, நான் பங்காருபேட்ட மார்க்கெட்டு பக்கத்துல கீறேன். வண்டில."

"இன்னா ஆச்சு?"

"பேங்குக்கு வந்தோம். டிரைவரு தோ வரேன்னு போனாரு. போய் ரொம்ப நேரம் ஆவுது. போனு சீட்டுலயே கீது. சாவி அவுருகிட்ட."

"கதவத் தொற, காத்து வரட்டும்."

"தொறந்துதான் வச்சிகினு கீறேன். போறவன் வர்றவன்லாம் எட்டிப் பாக்குறான். ஒருத்தர் வந்து ஒதவுறேன்னாரு. சேர எடுத்துக் குடுங்கன்னேன். டிக்கி சாவி இல்லாம தொறக்கல." பிறகு சொன்னாள்: "எனக்குப் பின்னாடிதான் கீது அக்கா. என் காலு டிக்கில பூட்டிக் கெடக்குது."

அந்த டிரைவர் கெட்டவரில்லை. சிநேகிதர் ஒருவரின் கடையில் ஏதோ தகராறு, விலக்கிவிடப் போய் மாட்டிக்கொண்டார். திரும்பி வந்து கலாவின் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாராம். ஆனால் அதற்குள் பள்ளியில் சிறப்பு வகுப்புக்குக் காத்திருந்த பிள்ளைகள் கலைந்து போயிருந்தார்கள். மறுநாள் தலைமையாசிரியை கலாவைக் கூப்பிட்டு, கன்னடமும் தமிழும் கலந்து மிக அன்பாகப் பேசியிருக்கிறார். வரும் ஜூனிலிருந்து வகுப்புக்கு வேறொருவரைப் பார்க்கிறோம், நீங்கள் வீட்டிலிருந்தே விடைத்தாள் திருத்திக் கொடுங்கள், எதற்கு இவ்வளவு கஷ்டம் என்று. "பாவம்னு வேற சொன்னாங்க அக்கா" என்றாள் கலா. அவள் அழவில்லை. "ஜூனுக்குள்ள நானே வண்டி ஓட்டினு வந்து நிக்கணும். வழி இன்னான்னு நீ சொல்லு" என்றாள்.

வழி என் கண்ணெதிரே, அந்த மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் கீழேயே இருந்தது. லூக்காஸ் என்று ஒரு தச்சர், கூரையிலிருந்து விழுந்து கலாவைப் போலவே அடிபட்டவர், மறுபரிசோதனைக்காக வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து நான் வெளியே வரும்போது அவர் தன் வீல்சேரிலிருந்து காரின் டிரைவர் சீட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தார். வீல்சேர் ஒரு பக்கம் வழுக்கியது. நான் பாய்ந்து போய் அவரைப் பிடித்தேன். "ஸ்டாப்!" என்று கத்தினார். சேர் மேலும் வழுக்குகிறதோ என்று நான் இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். "விடுங்கள்! நான் கேட்டேனா?" என்றார். கையை எடுத்துவிட்டு, திட்டு வாங்கிய பிள்ளை போல நின்றேன். நம் ஊரில் கேட்கும் வரை காத்திருந்தால் மனிதத்தன்மை இல்லாதவர் என்பார்கள். இங்கே கேட்காமல் தொட்டால் அதே பேச்சு.

ஆனால் நான் அங்கிருந்து நகரவில்லை. அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே குனிந்து, ஒரு பொத்தானை அழுத்தி வீல்சேரின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் பின்னால் வீசினார். வெறும் சட்டத்தைத் தன் மார்புக்கு மேலே தூக்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தினார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி. தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். காலுக்கு வேலையே இல்லை. அவர் வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பியபோதுதான் அதன் முகத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரின் முகம்! அதே விளக்குகள், அதே மூக்கு. பெயர் மட்டும் வேறு. முதுகு இல்லை, அவ்வளவுதான். நான் கைகாட்டி நிறுத்தி, திக்கித் திணறி என் தங்கையைப் பற்றிச் சொன்னேன். முதலில் நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்து, "சரி, சரி, பரவாயில்லை" என்றார். எங்கள் காரின் போட்டோவைக் காட்டியதும் இன்ஜினை அணைத்தார். அடுத்த வாரம் வந்தபோது, தாவுவதிலிருந்து ஓட்டுவது வரை ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்து காட்டி என்னை வீடியோ எடுக்கவிட்டார்.

கலா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "ஸ்டியரிங்கு தப்பான பக்கத்துல கீதே" என்பதுதான். பிறகு போனில் ஏதோ செய்து படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டாள். திருப்பிய படத்தில் லூக்காஸ் நம் ஊர்க்காரர் போல வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினார். கட்டிலில் சாய்ந்து, ஒரு தட்டை ஸ்டியரிங்காகவும் சப்பாத்திக் கட்டையைக் கைப்பிடியாகவும் வைத்து அவள் பழக ஆரம்பித்தாள்.

ஆனால் எங்களிடம் இருந்தது கியர் வண்டி. க்ளட்சை மிதிக்கக் கால் வேண்டும். ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றால் வண்டியை மாற்றியே ஆகவேண்டும். நைனா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். நான் மருத்துவமனையில் பேசி, சேர்ந்திருந்த லீவோடு சம்பளமில்லா விடுப்பும் எடுத்துக்கொண்டு, சக்கரம் கழற்றக்கூடிய பழைய வீல்சேர் ஒன்றை வாங்கி சாமானோடு போட்டுக்கொண்டு, கோடை தொடங்கும்போது ஊருக்கு வந்தேன்.

வந்த அன்றே பேச்சு தொடங்கிவிட்டது. நைனா வாசல்படியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஆட்டோமேட்டிக்கு வேணும்னா டிக்கி வச்சதுலயே வாங்கு. நான் வேணாங்கலயே. ஆனா ஓட்டறதுக்கு ஆளு போடு."

"ஆளு போட்டுதான் நைனா பாத்தோம்" என்றேன்.

"ஒருத்தன் அப்படிச் செஞ்சான்னா எல்லாருமா அப்படி? நான் முப்பது வருசம் கேஜில எறங்கினவன். மேல வைண்டிங் இன்ஜின் ஓட்டறவன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. அவன் கையில உசுரக் குடுத்துட்டுதான் தெனம் எறங்கினேன். அவன் என்ன மேல கொண்டாந்து உட்டான். ஒரு நாளாச்சும் நானே ஓட்டறேன்னு சொன்னனா?"

கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டு, மேலே வைண்டிங் இன்ஜின்காரர்தான் அதன் கயிற்றை இயக்குவார். உள்ளேயிருந்து கலா வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மேல வந்ததும் நீங்க நடந்து வீட்டுக்கு வந்தீங்க நைனா. என்ன மேல கொண்டாந்து உட்டா நான் அங்கியே குந்திகினு கீறேன்" என்றாள். "எனக்கு டிக்கி வேணாம். வண்டிக்குள்ள என் கைக்கு எட்டாத எடமே இருக்கக்கூடாது."

நைனா எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் பஜ்ஜிப் பொட்டலம் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை, சண்டை ஓய்ந்தது என்று மட்டும்தான்.

கோலாரில் இருந்த ஷோரூமுக்கு மூவரும் போனோம். விற்பனையாளர் நைனாவிடம், "ஓட்டப்போறது யாரு சார்?" என்று கேட்டார். "நான்" என்றாள் கலா. அவர் சிரித்தபடி மறுபடியும் நைனாவையே பார்த்து, "ஃபேமிலிக்கு டிக்கி இருந்தா நல்லது சார். கொஞ்சம்தான் கூட ஆகும்" என்றார். நைனாவின் கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போனது. அங்கே பளபளப்பாக ஒன்று, டிக்கியில் ரிப்பன் கட்டி நின்றுகொண்டிருந்தது. பிறகு அவர், "அந்தம்மா கேக்குறதக் காட்டுங்க" என்றார். மகளை அவர் அந்தம்மா என்று சொல்லி நான் கேட்டதில்லை.

லூக்காஸ் ஓட்டிய அதே கார்தான். ஆனால் கடல் தாண்டினால் கார்களும் மாறிவிடுகின்றன என்பதை அன்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். லூக்காஸின் வண்டியில் பின்சீட் இரண்டு துண்டாக மடங்கும், இங்கே மொத்தமாக ஒரே பலகையாகத்தான் சாய்கிறது. அங்கே மேட்டில் நிறுத்தி எடுத்தால் வண்டியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும். நாங்கள் வாங்கக்கூடிய வகையில் அது இல்லை. அங்கே இல்லாதவை இங்கே இருந்தன. பள்ளத்துக்கும் வேகத்தடைக்கும் ஏற்ற மாதிரி வண்டி உயரமாக நின்றது, ஏ.சி. அனல் காற்றையே விரட்டும் வேகத்தில் வீசியது, ஹாரனை அழுத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்டது. அந்த உயரம்தான் கலாவுக்குத் தொல்லை. லூக்காஸ் கீழ்நோக்கிச் சரிந்து உட்காருவார், இவள் மேல்நோக்கித் தாவவேண்டும். ஷோரூமில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முதல் தடவை முடியவில்லை. விற்பனையாளர் கைநீட்டி ஓடிவந்தார். "கேட்டா மட்டும் வாங்க" என்று நான் குறுக்கே நின்றேன். என் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வரும் என்று நானே நினைக்கவில்லை. மூன்றாவது தடவை கலா சீட்டில் இருந்தாள். கையைப் பின்னால் நீட்டி, மடக்கிய சீட்டின் மேல் உள்ளங்கையால் தட்டினாள். "எட்டுது" என்றாள்.

பழைய காரை ஆண்டர்சன்பேட்டையில் டாக்ஸி ஓட்டும் ஒருவர் வாங்கிக்கொண்டார். பெங்களூரில் ஒரு பட்டறையில் கைப்பிடி பொருத்தினோம். ஆர்.டி.ஓ. ஆபீசில் முதல் தடவை வண்டியின் விளக்கு உயரம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரிசெய்துகொண்டு மறுபடியும் போனோம். இன்ஸ்பெக்டர் தானே உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைப்பிடியால் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி, "கஷ்டம்தான் டீச்சர். பழகிக்குவீங்க" என்றார்.

பழகியது, தங்கம் பிரித்த கழிவு குவிந்து கிடக்கும் சயனைடு மண்மேட்டுக்குப் பக்கத்து வெட்டவெளியில். சமதரையில் கலா சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். மேட்டில்தான் சிக்கல். பிரேக்கிலிருந்து வேகத்துக்குக் கையை மாற்றும் இடைவெளியில் வண்டி பின்னால் உருளும். நம் ஊரில் மேடு இல்லாமல் எந்த ரோடும் இல்லை. கூடவே வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நைனா மூன்றாம் நாள் ஒரு பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுரங்கத்தில் தள்ளுவண்டி உருளாமலிருக்க வைப்பது போல, கலா மேட்டில் நிறுத்தும்போதெல்லாம் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். அவள் நகர்த்தியதும் கல்லை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுத்தத்துக்கு ஓடினார். தினமும் வெயில் ஏறும்வரை இதுவே நடந்தது.

மே மாதக் கடைசியில் ஒரு காலை, மேட்டின் நடுவில் நிறுத்திவிட்டு கலா கண்ணாடியை இறக்கினாள். "கல்ல எடுங்க நைனா" என்றாள்.

அவர் எடுக்கவில்லை. "உருண்டுச்சின்னா?" என்றார்.

"உருண்டா பிரேக் போடறேன். எடுத்துட்டு தள்ளி நில்லுங்க."

நைனா என்னைப் பார்த்தார். அவர் குனிந்து கல்லை எடுத்து, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜின் உறுமியது, வண்டி அப்படியே நின்று, பிறகு முன்னால் போய் மேட்டைத் தாண்டி மறைந்துவிட்டது. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது, விடாமல். "வந்துட்டாளா?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார் நைனா. "போயிட்டா" என்றேன். கல்லைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு அந்த மொட்டை வண்டி இன்றுவரை பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். கல்யாணத்துக்குப் போக அவர் அதில் ஏறுவதில்லை. டிக்கி வைத்த காரை வாடகைக்குச் சொல்லிவிடுகிறார். ஆனால் யாராவது கலாவின் வண்டியை மொட்ட வண்டி என்று சொல்லிவிட்டால் முறைக்கிறார்.

பள்ளி திறப்பதற்குள் கலாவுக்கு லைசென்ஸும் வந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறந்த முதல்நாள் நானும் கூடப் போனேன். மறுநாள் எனக்கு விமானம். கலா டிரைவர் சீட்டில் ஏறி, சக்கரங்களைக் கழற்றினாள். வழக்கமாகச் சட்டத்தைப் பக்கத்துச் சீட்டில்தான் வைப்பாள். "இன்னிக்கு மட்டும் நீ குந்து. சேரப் பின்னாடி போட்டுக்கலாம்" என்றாள். "நாளைலேர்ந்து அந்த சீட்டு சேருக்குதான்." நான் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். ராபர்ட்சன்பேட்டை பஜாரைத் தாண்டும்போது கடைக்காரர் ஒருவர் எழுந்து நின்று பார்த்தார். ஆட்டோ ஸ்டாண்டில், முன்பு அவளைத் தூக்கி வைத்தவர்களில் ஒருவர், இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். கலா திரும்பவில்லை, ஹாரனை மட்டும் ஒரு தடவை அழுத்தினாள்.

பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். வாசலில் வாட்ச்மேன் ஓடி வந்து, செய்ய ஒன்றுமில்லாமல் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். தலைமையாசிரியை படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கலா சீட்டில் இருந்தபடியே சக்கரங்களை மாட்டி, சேரில் இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் போய், "எனக்குப் பத்தாம் வகுப்பு எந்த பீரியட் மேடம்?" என்று கேட்டாள். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "ரெண்டாவது பீரியட்" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் நான் எழுத நினைத்தது, அங்கே போய்ச் சேரும் முன் பங்காருபேட்டை ரோட்டில் நடந்த ஒன்றை. ஒரு மேட்டில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. கலா அலட்டிக்கொள்ளாமல் கைப்பிடியைத் தள்ளி வண்டியை நிறுத்தினாள். நான் வலது காலால் தரையை ஓங்கி மிதித்திருந்தேன். ஜெர்மனியில் கார்களுக்கு ஸ்டியரிங் இடப்பக்கம். தினமும் காலை ஷிஃப்டுக்கு நான் உட்கார்ந்து ஓட்டுகிற பக்கத்தில்தான் இங்கேயும் உட்கார்ந்திருந்தேன். கண் எதிரே மாமரங்களும் கன்னடப் பலகைகளும் நம் ஊர்ப் புழுதியும் இருந்தன. கால் மட்டும் ஜெர்மனியில் இருந்தது.

கலா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அங்க ஒன்னியும் இல்ல அக்கா. சும்மா குந்து" என்றாள்.

காலை எடுத்துக்கொண்டேன். லாரி நகர்ந்தது, அவள் கைப்பிடியை இழுத்தாள், வண்டி ஒரு விரல்கூடப் பின்னால் போகாமல் மேட்டில் ஏறியது. அடுத்த வளைவில் என் கால் மறுபடியும் தானாக நீண்டு, இல்லாத பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது.